கைப்பைக்குள் அடங்குவது

கைக்கடக்கமான ரிவால்வருக்கு இருக்க வேண்டிய முதல் தகுதி, அதைச் சுமப்பவள் அதை மறந்திருக்க இடம் கொடுப்பது. என்னுடையது அந்தத் தேர்வில் முதல் நாளே தோற்றது. இதோ இப்போதும் மடியில், கைப்பைக்குள், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கும் இரத்த அழுத்த மாத்திரை அட்டைக்கும் நடுவே, தன் எடையைத் தொடையில் அழுத்திக்கொண்டு கிடக்கிறது. தேர்தல் அறிவித்துவிட்டார்கள். உரிமம் வைத்திருப்பவர்கள் தத்தம் ஆயுதத்தைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெற வேண்டும், வாக்கு எண்ணி முடிந்தபின் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். மற்ற மாதங்களில் நாங்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வதில் அரசுக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை போலும். சுவரோரம் சிவப்பு வாளிகளில் மணல். மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் முனகுகிறது. நடுப்பகல் வெயில் வாசற்படிவரை வந்து நிற்கிறது. ரைட்டர் கனகசபை மேசைக்குப் பின்னால் தொலைபேசியில் யாரிடமோ வாக்குச்சாவடிக்கு எத்தனை நாற்காலி வரும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் அமர்ந்திருக்கும் மர பெஞ்சின் மறு கோடியில் அர்த்தநாரி உட்கார்ந்திருக்கிறான். இந்த ரிவால்வரை நான் வாங்கியதே அவனுக்காகத்தான். நான் வந்து சிறிது நேரம் கழித்து வந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, இடுப்பில் தோலுறையில் எல்லாருக்கும் தெரியும்படி ஒரு பெரிய துப்பாக்கி. "வணக்கமுங்க மேடம்" என்றான், திருமண மண்டபத்தில் எதிர்ப்பட்டவனைப்போல. "உங்களுதும் கொண்டாந்துட்டீங்களாட்ட இருக்குது. நல்லதுங்க. சட்டம்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்களே." மூன்று கல்லூரி முதல்வர்களை வாயடைக்கச் செய்த என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது, வேறு யாருடையதோபோல.

கோயமுத்தூர்க் கடைக்காரர் இதை வெல்வெட் துணிமேல் வைத்து, மூக்குத்தியைக் காட்டுவதுபோல் இரண்டு விரலால் திருப்பித் திருப்பிக் காட்டினார். "லேடீஸுக்குன்னே செஞ்சதுங்க மேடம். குட்டைக் குழல், எடுக்கறப்ப எதுலயும் மாட்டாது. எடை கம்மி. பிஸ்டல்னா அதுக்கு ஸ்லைடு, மேகசின்னு நூறு ரோதனைங்க. இதுல ஒண்ணு வெடிக்கலைன்னா மறுக்கா விசையை இழுத்தாப் போதும், உருளை சுத்தி அடுத்தது வந்து நிக்கும். யோசிக்கற வேலையே இல்லீங்க." பெண்களுக்கென்று செய்யப்படும் பொருள்கள் எல்லாமே யோசிக்க வேண்டாதவையாக இருப்பது ஏன் என்று கேட்டேன். அவர் அசட்டுச் சிரிப்போடு தோட்டாப் பெட்டியை எடுக்கப் போனார். எடை குறைந்தால் உதை கூடும் என்பது என்னிடம் இயற்பியல் படிக்கும் முதலாமாண்டு மாணவிக்கும் தெரியும். தோட்டா முன்னே கொண்டுபோகும் உந்தத்தைத் துப்பாக்கி பின்னே கொண்டுவந்தாக வேண்டும், வந்து மணிக்கட்டில் முடிய வேண்டும். ஆகவே சிறந்த சிறு ரிவால்வர் என்பது ஒரு சமரசம்: ஒளித்துவைக்கும் அளவுக்குச் சிறியது, கை தாங்கும் அளவுக்குக் கனத்தது, விளையாட்டாக இழுத்துவிட முடியாதபடி விசை இறுகியது, நடுங்கும் விரலும் இழுக்கும்படி இளகியது. பிடியில் சுண்டுவிரலுக்கும் இடம் வேண்டும். தோட்டாவின் பின்புறத்தில் அறையும் சுத்தியல் மூடியிருக்க வேண்டும். கொம்புபோல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கைக்குட்டையில் சிக்கும், தவறி விழுந்தால் அந்தக் கொம்பின்மேல் விழும். என்னுடையதில் அந்தக் கொம்பு இருக்கிறது. மூடிய வகை வேண்டுமானால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். நான் காத்திருக்கும் நிலையில் இல்லை. ஏரிமேட்டு வளைவில் ஒரு காலை, கல்லூரிக்குப் போகும் வழியில், எனக்கு முன்னே சென்ற டிப்பர் லாரி சாலையைவிட்டு இறங்கியது. தடுமாறி இறங்கவில்லை, தேடி இறங்கியது. மண் ஓரத்தில் மொபெட்டில் போய்க்கொண்டிருந்தவர் பால்காரர் சடையப்பன், அர்த்தநாரியின் கல்குவாரிக்கு எதிராக மனுமேல் மனுவாகப் போட்டவர். கேன்கள் உருண்டன. பால் தாரின்மேல் பரவி என் கார்ச் சக்கரத்தை நோக்கி வந்தது, நான் காரைப் பின்னுக்கு எடுத்தேன், பாலை மிதிக்கக் கூடாது என்பதுதான் அப்போது தோன்றியது. லாரி மறுபடி சாலையேறி நின்றபோது ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு முகம் திரும்பிப் பார்த்தது. திருநீறு. வழக்கில் ஓட்டுநர் ஒருவன்மேல்தான் குற்றச்சாட்டு. அவன் தனியாகத்தான் வந்தான், தூங்கிவிட்டான், விபத்து என்று மற்ற சாட்சிகள் பிறழ்ந்துவிட்டார்கள். வருகிற வியாழக்கிழமை நான் கூண்டேறி, பக்கத்தில் இருந்தவன் இவன் என்று சொன்னால் இவன் பெயர் சேரும். சொல்லாவிட்டால் சடையப்பன் விபத்தில் செத்தவராகவே இருந்துவிடுவார். வியாழக்கிழமை இந்த ரிவால்வர் இங்கே பூட்டிய அறைக்குள் இருக்கும்.

"உங்களுது சின்னதுன்னு சொன்னாங்க" என்கிறான் அர்த்தநாரி, மின்விசிறியைப் பார்த்தபடி. யார் சொன்னார்கள்? கடைக்காரரா, உரிமத்துக்கு விசாரிக்க வந்த காவலரா, காரைக் கழுவ வருகிறவரா, வீட்டிலிருக்கும் அண்ணி காய்கறிக்காரியிடம் சொல்லி அவள் ஊரெல்லாம் சொன்னாளா? "என்னுது பெருசுங்க. நாலு பேரு பாக்கோணும், பாத்தா ஒதுங்கோணும். ஒளிச்சு வெக்கறதுக்கு எதுக்குங்க துப்பாக்கி? சுருக்குப் பையில வெத்தலை வெக்கறாப்பலயா?" தன் நகைச்சுவைக்குத் தானே தொடையைத் தட்டிக்கொள்கிறான். வெற்றிலை போடுகிறவர்களுக்குக்கூட எங்கே துப்புவது என்ற விவஸ்தை உண்டு என்று சொல்லியிருக்க வேண்டும். "சின்னதுதான்" என்று மட்டும் சொல்கிறேன், அதுவும் பாதிதான் வெளியே வருகிறது. தோட்டாக்களை நீக்கித்தான் கொண்டுவர வேண்டும் என்பது விதி. நான் நீக்கவில்லை. ஊருக்குள் வர ஏரிமேட்டு வளைவைத் தாண்டியாக வேண்டும், வெறும் இரும்போடு அதைத் தாண்ட எனக்குத் துணிவில்லை. இங்கே வந்து அமர்ந்ததும் பைக்குள்ளேயே உருளையைத் திறந்து தோட்டாக்களைக் கொட்டிவிடலாம் என்பது திட்டம். கைக்குட்டையைத் தேடுவதுபோல் கையை உள்ளே விடுகிறேன். கட்டைவிரல் பூட்டைக் கண்டுபிடிக்கிறது. அழுத்துகிறேன். உருளை வெளியே சாய வேண்டும், சாயவில்லை. இன்னும் அழுத்துகிறேன், நகம் மடங்குகிறது. உருளைக்கும் இரும்புச் சட்டத்துக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் விரலுக்குச் சொரசொரவென்று ஏதோ தட்டுப்படுகிறது, காய்ந்த சேறுபோல. கீறி எடுத்துப் பையின் விளிம்பில் வைத்துப் பார்க்கிறேன். மஞ்சள். கொஞ்சம் துரு. முகர வேண்டியதே இல்லை, வாசனை தானாக வருகிறது. சந்தனம்.

ஆயுத பூஜை. என் வீட்டில் என்னோடு இருப்பவர் அண்ணி நாகரத்தினம் மட்டும்தான், இறந்துபோன அண்ணனின் மனைவி. அன்று காலை மிக்ஸி, தையல் மிஷின், அரிவாள்மனை, கார்ச் சாவி எல்லாவற்றையும் பலகைமேல் அடுக்கிவிட்டு, "சுலோ, அந்தச் சனியனையும் கொண்டா" என்றார். "வருசத்துக்கு ஒருக்கா பொட்டுக்கூட வெக்காம ஒரு ஆயுதத்தை ஊட்டுல வெச்சிருக்கலாமா? அது எப்படிக் காக்கும்?" அதே வாரம்தான் கல்லூரி ஆய்வகத்தில் நிறமாலைமானியின் வில்லையில் குங்குமத்தை அப்பிய ஊழியரை, சரஸ்வதிக்குக் கண் தெரிய வேண்டாமா என்று எல்லார் முன்னிலும் கேட்டிருந்தேன். வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன். பயந்தவளுக்கு வேண்டாம் என்று சொல்ல எதுவும் மிச்சமிருப்பதில்லை. தோட்டாவும் வேண்டும், தெய்வமும் வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும் என்று யோசிக்கிற மூளை மட்டும் வேண்டாம். அண்ணி சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் குழைத்து, புதுக் காருக்கு அப்புவதுபோல் தாராளமாக அப்பினார். "எல்லாப் பக்கமும் படோணும்." அன்று ஆயுதத்தைத் தொடக் கூடாது, மறுநாள்தான் எடுக்க வேண்டும். மறுநாள் எடுத்தேன், வெளியே தெரிந்ததைக் கைக்குட்டையால் துடைத்தேன், பைக்குள் போட்டேன். பிறகு ஐப்பசி மழை வந்தது. பன்னீர் துருவாயிற்று, சந்தனம் காரையாயிற்று. பழுதாக இடமே இல்லாத அளவுக்கு எளிய பொறி என்றார் கடைக்காரர். உருளை சுழன்றால்தான் விசை இறங்கும், உருளை சுழலாது. ஆகவே இத்தனை மாதங்களாக நான் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தது ஒரு சந்தனக் கட்டை. வாசற்கதவு காற்றில் அசைந்தபோதெல்லாம், நாய் குரைத்தபோதெல்லாம், இது இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு நான் கண்ணை மூடியது இதை நம்பி. நடந்து முடிந்த இரவுகளுக்கெல்லாம் சேர்த்து இப்போது பயப்படுகிறேன். பொங்கல் கழிந்த அந்த மாலைக்கு. ஐயோ, அந்த மாலைக்கு.

அந்த மாலை ஏரிமேட்டில் இவனுடைய ஜீப் சாலைக்குக் குறுக்கே நின்றது. வேறு வண்டி இல்லை. இறங்கி, சிரித்துக்கொண்டே, என் கார்க் கதவருகே வந்து நின்றான். "ஏனுங்க மேடம், கண்ணு டெஸ்ட் பண்ணிக்கிட்டீங்களா? தூரத்துப் பார்வையெல்லாம் நல்லாத் தெரியுதுங்களா?" கார்க் கண்ணாடியை ஏற்றத் தோன்றவில்லை எனக்கு. கை தானாகப் பைக்குள் போயிற்று, பிடியைப் பற்றியது, அங்கேயே இருந்தது. நான் எதையும் வெளியே எடுக்கவில்லை, எதையும் சொல்லவில்லை, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் பையைப் பார்த்தான். என் முழங்கை மடங்கியிருந்த விதத்தைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே இருக்க, கால் மட்டும் பின்னால் போனது. "போயிட்டு வாங்க மேடம்." சிறந்த சிறு ரிவால்வரை வெளியே எடுக்கவே வேண்டியதில்லை என்று அன்று கண்டுபிடித்தேன், அதற்கப்புறம்தான் இரவில் சற்றே தூங்கினேன், அந்தத் தூக்கத்தில்தான் சாட்சிக் கூண்டேறுவது என்று முடிவு செய்தேன். அந்த முடிவின் அடியில் இருந்தது இது. இன்னும் சற்று நேரத்தில் ரைட்டர் இதை என்னிடமிருந்து வாங்கித் திறந்து பார்ப்பார், திறக்காது, இந்தப் பெஞ்சிலிருந்து இவன் பார்ப்பான். எதைக் கண்டு ஒதுங்கினோம் என்று இவனுக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு வியாழக்கிழமைவரை எத்தனை மாலைகள் இருக்கின்றன, ஒவ்வொரு மாலையும் ஏரிமேட்டு வளைவு இருக்கிறது. எழுந்து போய்விடலாமா, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி? நாளைக்கும் இவன் வருவான். வழியில் கிணற்றில் போட்டுவிடலாமா? தொலைத்தவள் என்று உரிமம் போகும். கால் ஏன் இப்படி ஆடுகிறது, செருப்பு தரையில் தாளம் போடுவது இவனுக்குக் கேட்காதா? முழங்காலைக் கையால் அழுத்திக்கொள்கிறேன்.

"மேடம், வாங்க. முதல்ல வந்தது நீங்கதானுங்களே." ரைட்டர் தொலைபேசியை வைத்துவிட்டார். எழுந்து நடக்கிறேன், மேசைமேல் வைக்கிறேன். "அடேங்கப்பா, அளவா இருக்குதுங்க. தோட்டாவெல்லாம் எடுத்துட்டீங்கல்ல?" பதிலுக்குக் காத்திராமல் கையில் எடுக்கிறார். "இதென்னங்க, கோயிலாட்டம் வாசம் அடிக்குது?" பூட்டை அழுத்துகிறார். மறுபடி அழுத்துகிறார். "இறுகிப்போச்சாட்டங்க. ஒரு தட்டு தட்டுனா வந்துரும். எங்க ஸ்டேஷன் ஜீப்பே தட்டுனாத்தானுங்க கிளம்புது." ரிவால்வரை மேசை விளிம்பில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, காகிதங்கள்மேல் இருந்த கண்ணாடிக் குண்டை மற்றொரு கையில் எடுக்கிறார். கொம்பு மேலே பார்க்கிறது. கொம்புக்கு நேரே ஒரு தோட்டா இருக்கிறது. உருளை சுழலாவிட்டாலும் அந்த ஒன்று இருக்கிறது, அறைந்தால் வெடிக்கும். குழல் எங்கே பார்க்கிறது என்று என் கண் தானாக ஒரு கோடு இழுக்கிறது: மேசை விளிம்பு, காற்று, பெஞ்சின் மறு கோடி, வெள்ளைச் சட்டையின் மூன்றாவது பொத்தான். அவன் காலை நீட்டிக்கொண்டு, கொட்டாவி விட்டுக்கொண்டு, எதுவும் தெரியாமல் இருக்கிறான். சடையப்பனும் எதுவும் தெரியாமல்தான் போய்க்கொண்டிருந்தார். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. விசையைத் தொட வேண்டியதில்லை. இந்த நாக்கு, சற்று முன்வரை ஒட்டிக்கொண்டு கிடந்த நாக்கு, இன்னும் ஒரு மூச்சு அப்படியே கிடந்தால் போதும். பிறகு எல்லாரும் விபத்து என்பார்கள். நானும் விபத்து என்பேன், பார்த்தவள் என்ற முறையில். கண்ணாடிக் குண்டு உயர்கிறது. அதற்குள் வெயில் ஒரு பொட்டாக நிற்கிறது. "தட்டாதீங்க!" வகுப்பில் கடைசி வரிசைவரை போகும் குரல் அது, எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "உள்ள தோட்டா இருக்கு. குழலைத் திருப்புங்க. மணல் பக்கமாத் திருப்புங்க." அவர் கை அந்தரத்தில் நிற்கிறது. மெல்ல, பாம்பைப் பிடித்தவர்போல், ரிவால்வரைச் சிவப்பு வாளியை நோக்கித் திருப்புகிறார். அர்த்தநாரி கால்களை மடக்கிக்கொண்டான். "லோடோடயா கொண்டாந்தீங்க? ஏனுங்க மேடம், நாலு எழுத்துப் படிச்சவங்க..." என்கிறார் ரைட்டர். "நாலு எழுத்துக்கு மேலயே படிச்சுட்டேன், அதுதான் தப்பாப் போச்சு." "எப்பருந்துங்க இப்படி இருக்குது?" இன்று காலையிலிருந்து என்று சொல்லலாம். ஒரு சிறு பொய், கைப்பைக்குள் அடங்குவது, எடையே இல்லாதது. ஆனால் வியாழக்கிழமையும் ஒருவர் என்னிடம் கேள்வி கேட்பார், அப்போதும் இவன் பார்த்துக்கொண்டிருப்பான், அப்போதும் கால் ஆடும். இங்கே வளைகிற நாக்கு அங்கே மட்டும் எப்படி நிமிரும்? "சரஸ்வதி பூஜையிலருந்து" என்கிறேன். மின்விசிறி முனகுகிறது. முனகுகிறது. பெஞ்சிலிருந்து குரல் மெதுவாக வருகிறது, கணக்குப் போட்டு வருகிற குரல். "பொங்கலுக்கு அப்புறந்தானுங்களே மேடம், நாம ஏரிமேட்டுல பாத்துக்கிட்டது?" "ஆமா." "அன்னிக்கும்..." "அன்னிக்கும் இப்படியேதான் இருந்துச்சு." ரைட்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறார். "ஓ, ரெண்டு பேரும் முன்னமே பழக்கமுங்களா?"

ஆயுதப்படையிலிருந்து ஆள் வந்துதான் திறக்க வேண்டும், விளக்கம் எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன், என் கையெழுத்தை எனக்கே அடையாளம் தெரியவில்லை. அதற்குள் அர்த்தநாரி தன்னுடையதைக் கொடுத்துவிட்டு வெளியே போயிருந்தான். ரசீதை மடித்துக்கொண்டு நானும் படியிறங்குகிறேன். வெயில் கண்ணை அடிக்கிறது. என் காருக்குப் பின்னால், நான் எடுக்க முடியாதபடி, ஜீப் குறுக்கே நிற்கிறது. ஓட்டுநர் இருக்கையில் யாரோ இருக்கிறார்கள், கதவில் சாய்ந்தபடி இவன். சிரிக்கவில்லை. சிரிக்காத முகத்தை இப்போதுதான் பார்க்கிறேன், லாரியிலிருந்து திரும்பிய முகம் இதுதான். இடுப்பில் வெற்று உறை, அதன்மேல் அவன் கை பழக்கத்தில் கிடக்கிறது. திரும்பி உள்ளே போய்விடலாம். ரைட்டரைக் கூப்பிடலாம், அவர் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருப்பார். நடக்கிறேன், நடப்பது நான்தானா என்று தெரியாமல், பைக்குள் கை தானாகப் போகிறது. கண்ணாடிக் கூடு, மாத்திரை அட்டை, அவற்றுக்கு நடுவே அதன் எடை கிடந்த பள்ளம், அதில் கொஞ்சம் சந்தனத் தூள். கையை வெளியே எடுக்க வேண்டும், எடுக்க வரவில்லை. அவனெதிரே வந்து நிற்கிறேன். அவன் பார்வை என் முகத்திலிருந்து இறங்கிப் பையில் நிற்கிறது, முழங்கையில் நிற்கிறது. அதில் ஒன்றும் இல்லை என்று அவனுக்குத் தெரியும். அன்றும் ஒன்றும் இருக்கவில்லை என்றும் தெரியும். எல்லாம் தெரிந்தும் அவன் வலது கால் பின்னால் போகிறது. ஒரே ஒரு அடி. அவன் குனிந்து தன் காலைப் பார்க்கிறான். நிமிரும்போது அந்தக் கண்களில் இருப்பது எனக்குப் புரிகிறது. ஒன்றுமில்லாததற்கு இரண்டு முறை ஒதுங்கியவன் மூன்றாவது முறை ஒதுங்க மாட்டான். "வண்டியை எடுக்கச் சொல்லுங்க, அர்த்தநாரி" என்கிறேன், கடைசி வரிசைவரை கேட்கும்படி. "மிச்சத்தை வியாழக்கிழமை கோர்ட்டுல சொல்றேன்." அவன் ஜீப்பின் கதவை ஒரு தட்டு தட்டுகிறான். ஜீப் நகர்கிறது. காருக்குள் அமர்ந்து எல்லாக் கதவுகளையும் பூட்டுகிறேன். சாவி துவாரத்துக்குள் போக மறுக்கிறது, உலோகத்தில் கீறிக் கீறி வழுக்குகிறது. மூச்சை இழுத்து, பாதியில் நிறுத்தி, இரண்டு கைகளாலும் சாவியைப் பற்றுகிறேன், கோயமுத்தூரில் அந்தக் கடைக்காரர் ரிவால்வரைப் பற்றச் சொல்லிக் கொடுத்ததுபோலவே, இரண்டு கைகளாலும்.